உப்பின் அளவு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் விஷம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சொல்வது சுலபம். ஆனால் அந்த அளவு எது என்பதைப் பாட்டிமார் யாரும் சொல்லிவைத்துவிட்டுப் போகவில்லை. சமையலில் அது கைப்பழக்கம். ஒருநாள் குழம்பு கரித்துவிட்டால் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடலாம். மறுநாள் கை தானாகக் குறைத்துப் போடும். மருந்தின் சமாசாரம் அப்படியல்ல. அங்கே கை தவறினால் திருத்திக்கொள்ள மறுநாள் என்று ஒன்று இல்லாமலே போய்விடலாம்.

அப்படி ஓர் உப்பின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உப்பு என்பது உவமையல்ல, மெய்யாகவே உப்புத்தான். லித்தியம் என்ற உலோகத்தின் உப்பு. அதைக் கண்டுபிடித்த கதை ருசியானது. ஆனால் என் மனத்தை அதிகம் பிடித்து வைத்திருப்பது, அதில் எவ்வளவு கொடுப்பது என்று கண்டுபிடித்த கதை. முன்னதற்கு ஓர் ஆண்டு போதுமானதாக இருந்தது. பின்னதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இடையில் உயிர்களும் போயின.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். மனிதர் ஒருவர் இருக்கிறார். சில வாரங்கள் அவருக்குத் தூக்கமே வேண்டியிருப்பதில்லை. பேச்சு ஆறாய் ஓடுகிறது. கையிலுள்ள பணமெல்லாம் கரைகிறது. உலகத்தையே விலைக்கு வாங்கிவிடலாம் போன்ற உற்சாகம். பிறகு அதே மனிதர் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். எழுந்து பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுவது போலாகிறது. உயிரை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. நடுவில் நம்மைப் போலவே இருக்கிற நாட்களும் உண்டு. ஏற்றமும் இறக்கமும் இரண்டு வேறு நோய்களல்ல, ஒன்றே என்று வகுத்து, 1899-இல் தம் பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பெயரும் கொடுத்தவர் ஜெர்மானிய டாக்டர் எமில் கிரேப்லின். இன்று அதைப் பைபோலார் நோய், இருமுனை மனநோய் என்று சொல்கிறோம். கதை எழுதுகிறவனுக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. மனிதனின் குணம் என்று நாம் பக்கம் பக்கமாக வருணிப்பது, ஒரு சிட்டிகை உப்பில் மாறக்கூடுமென்றால், அதை அவன் விசாரித்துப் பார்க்காமல் இருக்க முடியுமா?

லித்தியம் 1817-இல் ஸ்வீடனில், ஒரு கல்லிலிருந்து கிடைத்தது. பெர்ஸீலியஸ் என்ற பெரிய ரசாயன நிபுணரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆர்ஃப்வெட்ஸன் என்ற இளைஞர் அதைக் கண்டார். கிரேக்க மொழியில் கல்லுக்கு ‘லித்தோஸ்’ என்று பெயராம், அதனால் லித்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கவுட் வாதத்துக்கு அதை மருந்தாக்கினார்கள். யூரிக் அமிலம் லித்திய நீரில் கரைந்ததுதான் அதற்கு நியாயம். கண்ணாடிக் குழாயில் கரைந்தது கால் மூட்டிலும் கரையும் என்பது அக்காலத்து நம்பிக்கை.

1871-இல் நியூயார்க்கில் ஹாம்மண்ட் என்ற டாக்டர் மனவெறிக்கு லித்திய புரோமைடைக் கொடுத்துப் பார்த்தார். 1880-களில் டென்மார்க்கில் கார்ல் லாங்கே என்பவர், திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்கு அதைக் கொடுத்தார். ஏனோ, இரண்டு முயற்சிகளையும் உலகம் மறந்துவிட்டது. மருந்து மறைந்ததே தவிர, உப்பு மறையவில்லை. 1929-இல் அமெரிக்காவில் எலுமிச்சை மணத்தோடு ஒரு சோடா பானம் விற்பனைக்கு வந்தது. அதில் லித்திய சிட்ரேட் கலந்திருந்தது. பெயரிலேயே லித்தியத்தைப் போட்டிருந்தார்கள். இன்று செவன் அப் என்று நாம் குடிப்பது அதன் வாரிசுதான். 1948 வரை அதில் லித்தியம் இருந்தது.

இனி, கதாநாயகர் வருகிறார். ஜான் கேட் என்பது அவர் பெயர். ஆஸ்திரேலியர், 1912-இல் பிறந்தவர், மனநோய் டாக்டர். இரண்டாவது உலக யுத்தத்தில் இராணுவ டாக்டராகச் சிங்கப்பூரில் இருந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. அது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் சொந்தக் கதையும்தான். கேட் ஜப்பானியர் கையில் சிக்கி, மூன்றரை ஆண்டுகள் சாங்கி முகாமில் கைதியாகக் கிடந்தார். எலும்பும் தோலுமாக ஊர் திரும்பியவர், மெல்போர்ன் நகரத்துக்கு வெளியே பண்டூரா என்ற இடத்தில், முன்னாள் சிப்பாய்களுக்கான மனநோய் ஆஸ்பத்திரியில் வேலையை ஏற்றுக்கொண்டார்.

அங்கே அவருக்கு ஆய்வுக்கூடமாக வாய்த்தது, உபயோகமில்லாமல் கிடந்த ஓர் உக்கிராண அறை. உதவிக்கு ஆளில்லை, கையில் பணமும் இல்லை. ஒரே ஓர் ஊகம் இருந்தது. உடலில் சுரக்கும் ஏதோ ஒரு பொருள் மிகுந்தால் வெறியும், குறைந்தால் சோர்வும் வருகின்றன என்பது அது. அந்தப் பொருள் சிறுநீரில் வெளிப்பட வேண்டுமல்லவா? ஆகவே நோயாளிகளின் சிறுநீரைச் சேகரித்துத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்துக்கொண்டார். (அந்த வீட்டு அம்மாளின் பொறுமையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) அதைக் கினிப் பன்றிகளின் வயிற்றில் ஊசி போட்டார். பன்றிகள் செத்தன. யூரியாதான் கொல்கிறது என்று தெரிந்தது. யூரிக் அமிலம் அந்த விஷத்தைக் கூட்டுகிறதா என்று பார்க்க விரும்பினார். ஆனால் யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. நன்றாகக் கரையக்கூடிய வடிவம் லித்தியத்தோடு சேர்ந்த வடிவம்தான். அதைக் கரைத்துப் போட்டபோது, விஷம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது!

கேட் அங்கேதான் தம் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் நின்று யோசித்தார். குறைத்தது யூரிக் அமிலமா, கூட வந்த லித்தியமா? வெறும் லித்திய கார்பனேட்டை மட்டும் பன்றிகளுக்குச் செலுத்தினார். தொட்டாலே துள்ளுகிற அந்தப் பிராணிகள், இரண்டு மணி நேரம் கழித்து, மல்லாத்திப் போட்டாலும் பேசாமல் கிடந்தன. பிறகு பழையபடி எழுந்து ஓடின. அந்தச் சாந்தம் உண்மையில் மருந்து மிகுந்ததால் வந்த மயக்கமாகவே இருந்திருக்கும் என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். அப்படியானால், இந்தச் சரித்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே அளவு தவறிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

கேட் முதலில் தாமே லித்தியத்தை விழுங்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. 1948 மார்ச் 29-ஆம் தேதி முதல் நோயாளிக்குக் கொடுத்தார். அவருடைய கட்டுரையில் இரண்டு எழுத்துக்கள்தான் அந்த மனிதரின் பெயர்: டபிள்யூ. பி. வயது 51. ஐந்து ஆண்டுகளாக ஓயாத வெறி. வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் பெரிய தொந்தரவு. ஆயுள் முழுவதும் அங்கேயே கிடக்கப் போகிறவர் என்று எல்லாரும் கைகழுவிவிட்ட ஆள். அவருக்கு லித்திய சிட்ரேட் 20 கிரெய்ன், தினம் மூன்று வேளை; அதாவது வேளைக்குச் சுமார் 1.3 கிராம். சில வாரங்களில் அவர் அமைதியடைந்தார். குணமடைவோர் பகுதிக்கு மாற்றினார்கள். ஜூலை 9-ஆம் தேதி வீட்டுக்கே போய்விட்டார். பழைய வேலையிலும் சேர்ந்தார். தினம் இரண்டு வேளை 5 கிரெய்ன் லித்திய கார்பனேட் சாப்பிட்டு வரும்படி சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இங்கே கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நாவலாசிரியன் கையில் இருந்தால் நிச்சயம் இங்கேதான் முடிப்பான். ஆனால் டபிள்யூ. பி. உடம்பு தேறிய மனிதர் செய்வதையே செய்தார். மருந்தில் அசட்டையானார், பிறகு விட்டே விட்டார். 1949 ஜனவரியில் திரும்ப ஆஸ்பத்திரி. மறுபடி லித்தியம், மறுபடி குணம், மறுபடி வீடு. அந்த ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி ஆஸ்திரேலிய மருத்துவப் பத்திரிகையில் கேட்டின் கட்டுரை வந்தது. வெறி நோயாளிகள் பத்துப் பேரைப் பற்றிய அந்தச் சிறு கட்டுரை, மனநோய் மருத்துவத்தின் ஒரு யுகத்தையே திறந்தது என்று இன்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அன்று ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதே 1949-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு விபரீதம் நடந்திருந்தது. இருதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்பு ஆகாதே. அதற்குப் பதிலாக லித்திய குளோரைடைக் கடையில் விற்றார்கள். உப்புக்கு நாக்கு ஏங்கிய அந்த நோயாளிகள் அதைக் கறியில் தாராளமாகத் தூவிக்கொண்டார்கள். பலருக்கு விஷமேறியது; சிலர் மாண்டார்கள். அரசாங்கம் அதை விற்பனையிலிருந்து விரட்டியது. அடுக்களையில் ஆளைக் கொன்ற உப்பை ஆஸ்பத்திரியில் மருந்தென்று கொடுக்க எந்த டாக்டருக்குத் துணிவு வரும்?

டபிள்யூ. பி.யின் முடிவும் அப்படித்தான் ஆயிற்று. மருந்து கொடுத்தால் வாந்தியும் நடுக்கமுமாக விஷம் தலைகாட்டும். நிறுத்தினால் பழைய வெறி வந்து உடம்பைத் தின்னும். நிறுத்தியும் தொடங்கியும் கேட் இரண்டுக்கும் நடுவே தடுமாறினார். 1950 மே மாதம் டபிள்யூ. பி. இறந்தார். அவரை மனிதர் நடுவே கொண்டு வந்த அதே உப்புத்தான் அவரைக் கொண்டு போயிற்று. கேட் தம் ஆஸ்பத்திரியில் லித்தியத்தை நிறுத்திவிட்டார்.

இந்தச் சம்பவத்தைப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான். கேட் அஜாக்கிரதைக்காரர் அல்ல. நோயாளியின் முகத்தையும் கையையும் நாவையும் தினம் பார்த்துக் குறித்து வைத்தவர். அப்படியும் ஏன் தப்பவில்லை? அவர் பார்த்தவை எல்லாம் வெளியே தெரிபவை. வாயில் போட்டது எத்தனை கிரெய்ன் என்று அவருக்குத் தெரியும். இரத்தத்தில் தங்கியது எவ்வளவு என்று தெரியாது. இந்த மருந்தில் முன்னதைவிடப் பின்னதுதான் கணக்கு.

ஏன் என்று பார்க்கலாம். லித்தியத்தை உடம்பு எரிப்பதில்லை, மாற்றுவதும் இல்லை. போனபடியே சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியதுதான். சிறுநீரகமோ அதைச் சாப்பாட்டு உப்பிலுள்ள சோடியத்தின் தம்பி என்று பாவிக்கிறது. உடம்பில் சோடியம் குறைந்தால், தண்ணீர் வற்றினால், சோடியத்தைக் கைவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. நேற்றுச் சரியாயிருந்த அதே மாத்திரை, நாலு தடவை வயிற்றுப்போக்கானால் இன்று விஷமாகிவிடும். உப்பைக் குறைத்த அமெரிக்க இருதய நோயாளிகள் ஏன் அவ்வளவு விரைவில் விழுந்தார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

ஆகவே வேண்டியிருந்தது மருந்தல்ல, ஒரு தராசு. அது மெல்போர்ன் நகரத்திலேயே கிடைத்தது. அங்கிருந்த டிராட்னர் என்பவரும் நோவாக் என்ற டாக்டரும் 1951-இல் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். டிராட்னரும் அவருடைய கூட்டாளிகளும் ஃபிளேம் போட்டோமீட்டர் என்ற கருவியால் இரத்தத்திலுள்ள லித்தியத்தை அளந்தார்கள். தீபாவளி மத்தாப்பின் சிவப்பைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்கு ஓர் உப்பு, நெருப்பில் காட்டும் நிறம் வேறு. சாதாரண உப்பு மஞ்சள். லித்தியம் ரத்தச் சிவப்பு. இரத்தத்திலிருந்து தெளிந்த நீரைச் சுடரில் தெளித்து, அந்தச் சிவப்பு எவ்வளவு பளிச்சிடுகிறது என்று கருவி சொல்கிறது. முகத்தைப் பார்த்து ஊகித்த விஷயம் அன்று எண்ணாகிவிட்டது.

கதையின் பிற்பாதி டென்மார்க்கில் நடக்கிறது. ஆர்ஹூஸ் நகரத்தருகே ரிஸ்கோவ் ஆஸ்பத்திரியில் மோகன்ஸ் ஷௌ என்ற டாக்டர் இருந்தார். அவருடைய தகப்பனாரும் மனநோய் டாக்டர். அவர் தம்பிக்கு இளவயதிலிருந்தே மனச்சோர்வு விடாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஷௌவும் சகாக்களும் 1954-இல், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று காசைச் சுண்டித் தீர்மானித்த ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். வெறியை லித்தியம் தணிக்கிறது என்பது உறுதியாயிற்று. பிறகு பாஸ்ட்ரூப் என்ற டேனிஷ் டாக்டர் வேறொன்றைக் கவனித்தார். மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு நோய் திரும்புவதே அரிதாகிவிடுகிறது! 88 பெண்மணிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1967-இல் இருவரும் அதை வெளியிட்டார்கள். ஷௌவின் தம்பியும் அதைச் சாப்பிட்டார். ஆண்டுதோறும் வந்த இருட்டு வராமல் நின்றது.

1968-இல் லண்டனிலிருந்து பிளாக்வெல், ஷெப்பர்ட் என்ற இருவர், இது இன்னொரு மருத்துவக் கட்டுக்கதை என்ற தோரணையில் எழுதினார்கள். மருந்தை நம்புகிறவரே அதற்கு மார்க்கும் போட்டால் எப்படி என்பது அவர்கள் கட்சி. கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் பதில் சொல்ல ஒரே வழிதான் உண்டு. மருந்தால் சௌக்கியமாக இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு, டாக்டருக்கும் தெரியாமல் நோயாளிக்கும் தெரியாமல், வெற்று மாத்திரையைக் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு தம்பியை வைத்திருந்த ஷௌவுக்கு அது எத்தகைய சங்கடம் என்று எண்ணிப் பாருங்கள். ஆயினும் செய்தார்கள். 84 பேர். லித்தியத்தில் தொடர்ந்த 45 பேரில் ஐந்து மாதத்தில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்ட 39 பேரில் 21 பேருக்குத் திரும்பியது. 1970-இல் அது அச்சேறியதும் வாதம் ஓய்ந்தது. அமெரிக்க அரசாங்கமும் அதே ஆண்டில் வெறி நோய்க்கு லித்தியத்தை அனுமதித்தது. கேட் கண்டுபிடித்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த 21 பேரை நான் மறக்க முடியவில்லை. அவர்களுடைய துன்பம் ஒரு அட்டவணையின் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இன்று நம்பிக்கையோடு மாத்திரையைக் கையில் எடுக்கிறவர்கள் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

இன்றைக்கு அளவு என்பது இரத்தத்தில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற எண். தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் 0.6-லிருந்து 1.0 வரை. 1.5-ஐத் தாண்டினால் விஷக்குறிகள். 2-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு குறுகலான வரப்பு பாருங்கள்! அதனால்தான் கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் விட்டு இரத்தம் எடுக்கிறார்கள். அளவை மாற்றினால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்க்கிறார்கள். சிறுநீரகத்தையும் தைராய்டையும் இடையிடையே சோதிக்கிறார்கள். ஒருவருக்குப் போதுமான மாத்திரை மற்றொருவருக்குப் பாதியாக இருக்கும். வாந்தி, பேதி, கடும் வெயில், திடீரென்று உப்பைக் குறைத்த பத்தியம், மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய ஐபுபுரோஃபன் மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள் எல்லாமே அந்த எண்ணை ஏற்றிவிடக்கூடியவை. அவற்றைச் சாப்பிடுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் எண் கிடைத்ததோடு விஷயம் தீர்ந்ததா? இல்லை. 1989-இல் அமெரிக்காவில் கெலன்பர்க் என்ற டாக்டரும் சகாக்களும் 94 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு 0.8-லிருந்து 1.0, மறு பகுதிக்கு 0.4-லிருந்து 0.6. உயர்ந்த அளவில் நோய் திரும்புவது குறைவு. ஆனால் நடுக்கம், தாகம் போன்ற தொல்லைகள் அதிகம். தொல்லை பொறுக்காதவர் மருந்தையே விட்டுவிட்டால், உயர்ந்த அளவின் பெருமை என்ன ஆகும்?

இதை உள்ளிருந்து சொன்னவர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் என்ற அம்மையார். இந்த நோயைப் பற்றியே நூல் எழுதும் பேராசிரியை. தமக்கே அந்த நோய் இருப்பதை 1995-இல் சுயசரிதையில் வெளியிட்டார். முதலில் அவருக்குக் கொடுத்த லித்தியம் மிக அதிகம். கை நடுங்கியது. அதைவிடப் பெரிய துயரம், அவரால் புத்தகம் படிக்க முடியவில்லை. வரி நிற்கவில்லை, படித்தது மனத்தில் தங்கவில்லை. வருஷக்கணக்கில் அப்படி இருந்து, அளவைக் குறைத்த பிறகே வாசிப்பு திரும்பி வந்தது. நடுவில் மருந்தை வெறுத்து நிறுத்தியதும், அதனால் சாவின் வாசல்வரை போனதும் உண்டு. கதைப் புத்தகம் இல்லாமல் தூக்கம் வராத வாசகர்களுக்கு, அந்த இழப்பு எத்தகையது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கவி ராபர்ட் லோவல் 1967-இல் லித்தியம் தொடங்கியவர். தாம் பட்ட துன்பமும் பிறரைப் படுத்திய துன்பமும் மூளையில் கொஞ்சம் உப்புக் குறைந்ததால்தானோ என்று நண்பரிடம் வருந்தியிருக்கிறார்.

கேட்டுக்கு இரத்தத்தின் எண் தெரியவில்லை. நோயாளியின் முகம் தெரிந்தது. இன்று எண் துல்லியமாகத் தெரிகிறது. முகத்தைப் பார்க்க நேரமில்லாமல் போகலாம். கை நடுங்குகிறது, படிக்க ஓடவில்லை, சந்தோஷம் வந்தும் சந்தோஷமாக இல்லை என்று நோயாளி சொல்வதும் ஓர் அளவுதான். அதைக் கேட்டுக்கொள்ள இன்னும் கருவி வரவில்லை. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறாயே, இன்னும் எதற்கு மாத்திரை?’ என்று அன்பினால்கூடக் கேட்டுவிட வேண்டாம். டபிள்யூ. பி. நன்றாக இருந்ததால்தான் மருந்தை விட்டார். மாறாக, ‘இந்த அளவு உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கூடவே போங்கள்.